போனவங்க படம்

“…பசின்னுதான் எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க சாமி. பசியில்ல. எங்க நாலு பேரு பேசிக்கிட்டு இருந்தாங்களோ, அந்த எடத்துக்குக் காலு தானா வந்துருது. வந்த பொறகு என்ன பண்றதுன்னுதான் தெரியல, பாவம்.”

மகளான என்னைச் “சாமி” என்றே கூப்பிடும் அப்பா இதைச் சொன்னபோது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், யாராவது வந்து எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார். மைசூரில் இப்போது வந்திருக்கும் மால்களில் ஒன்று அது. மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் பெரிய கூடம். வெண்ணெயில் சோளம் பொரிகிற வாசனையும் அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன தரையின் பினாயில் வாசனையும் ஒன்றாகக் கலந்து, ஏ.சி. காற்றில் குளிர்ந்து வந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

அப்பா பேசியது செத்தவர்களைப் பற்றி. முப்பது வருஷத்துக்கும் முன்னால், இதே ஊரின் விஜயநகர்ப் பகுதியில், எங்கள் வீட்டின் முன்னறையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்த ஒரு பழைய ஆங்கிலப் பேய்ப் படத்தில், செத்த பிறகும் எழுந்து நடந்து கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வந்தார்களே, அவர்களைப் பற்றி. அந்தப் படத்துக்கு ஊர் உலகத்தில் ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது “போனவங்க படம்.” அப்பாவைப் பெங்களூருக்கு என்னோடு கூட்டிப் போய்விடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து, அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது இந்தப் பேச்சு. இது எங்கே முளைத்த பேச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், “டெக்”கிலிருந்து தொடங்க வேண்டும்.

டெக் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கேசட்டைப் போட்டால் டி.வி.யில் சினிமா காட்டுகிற பெட்டி. சொந்தமாக வைத்திருந்த வீடுகள் குறைவு, மற்றவர்களெல்லாம் வாடகைக்குத்தான். எங்கள் பகுதிக்கு டெக் விட்டவர் ராஜண்ணா. ஞாயிற்றுக்கிழமை காலையில், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிச் சுற்றி எடுத்து வருவதுபோல அதை ஒரு பூத்துவாலையில் சுற்றி, மொபெட்டில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வருவார். கூடவே மூன்று கேசட். அம்மாவுக்கு ஒரு தமிழ்ப் படம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் போட ஒரு கன்னடப் படம், அப்பாவுக்கு ஒரு இங்கிலீஷ் படம். “சண்டை வேணுமா சார், பேய் வேணுமா?” என்று ராஜண்ணா கன்னடத்தில் கேட்பார். அப்பா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, “பேயே இருக்கட்டும், சண்டை ஆபீஸ்லயே கெடைக்குது” என்பார். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில், இரண்டு பேருக்கும் அதே சிரிப்பு.

அம்மாவுக்கு அந்தத் தமிழ் கேசட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய, அன்றைய விஜயநகரை நீங்கள் கண்ணுக்குள் கொண்டுவர வேண்டும். இப்போதுபோல வீட்டின் தோளில் வீடு இடித்துக்கொண்டு நிற்காது. நாலு “சைட்”, அதாவது வீட்டுமனை, காலியாகக் கிடக்கும், பிறகு ஒரு வீடு; மறுபடி மூன்று சைட் காலி, ஒரு வீடு. நடுவில் முழுக்க உண்ணிச்செடிப் புதர். ஆண்கள் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டால், கீரைக்காரியின் குரலுக்குப் பிறகு தெருவில் மனிதச் சத்தம் கேட்க அவர்கள் திரும்பி வரவேண்டும். மத்தியானக் காற்று ஜன்னல் கம்பியில் புகுந்து ஒருவிதமாக முனகும். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நானும் அம்மாவும் அந்த முனகலைக் கேட்டபடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா, எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காற்று.

அம்மா மார்டள்ளிக்காரி. கர்நாடகத்துக்குள், கொள்ளேகால் பக்கம் இருக்கிற ஊர்தான், ஆனால் வீட்டிலும் வயலிலும் தமிழ்தான். காட்டைத் தாண்டினால் பாலாறு, அங்கே ஒரு செக்போஸ்ட், அதற்கப்புறம் தமிழ்நாடு. அந்த ஊரில் அவள் பேச்சை நிறுத்துவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டதாம். அப்பாவுக்கு மைசூரில் குமாஸ்தா வேலை கிடைத்து, விஜயநகரில் வீடும் கட்டிக் குடிவந்த பிறகு, பேசுவதற்கு ஆள் தேவைப்பட்டது. கன்னடம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளுடைய காட்டுப்பக்கத்துக் கன்னடத்தைக் கேட்டு எங்கள் “லேஅவுட்டு”க் குடியிருப்புப் பெண்கள் உதட்டோரம் சிரிப்பார்கள், அவள் அதோடு வாயை மூடிக்கொள்வாள்.

எதிர் வீட்டில் மேலுகோட்டை ஐயங்கார் வழியில் வந்த ஒரு மாமி இருந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது தமிழ் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா ஒரு டம்ளரில் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் ஓடினாள். வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. மாமி பேசிய பழங்காலத்து வீட்டுத் தமிழ் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் மாமிக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்துவிட்டு, கடைசியில் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா சர்க்கரையோடு திரும்பி வந்து, “தங்கமான மனுஷி. ஆனா தமிழ் பேசறதுக்குக் கன்னடம் பேச வேண்டியிருக்குது” என்றாள். இன்னொரு நாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: “ஊடு நல்லாத்தான் இருக்குது. நான் ஒண்ணு கேட்டா அது ஒண்ணு பதில் சொல்லுச்சுன்னா இன்னும் நல்லாருக்கும்.”

இப்படி அவள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. அந்த வீட்டில் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை.

பேச்சுப் பசி தாங்காமல் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். விடுமுறை நாளில் நாங்கள் மிருகக்காட்சிசாலைக்கோ அரண்மனைக்கோ போனால், அவள் யானையையும் பார்க்க மாட்டாள், ராஜாவின் அம்பாரியையும் பார்க்க மாட்டாள். தமிழ்நாட்டு நம்பர் போட்ட சுற்றுலா பஸ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். கூட்டத்தில் தமிழ் காதில் விழுந்ததோ இல்லையோ, என் கையை இழுத்துக்கொண்டு நேராகப் போய், “ஏனுங்க, எந்தூருங்க?” என்பாள். கோபி, சத்தி, பெருந்துறை என்று பதில் வந்துவிட்டால் போதும், அன்று அவளுக்குத் தீபாவளி. மழை உண்டா, மஞ்சள் எப்படி, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறது என்று வழியில் நின்றபடியே ஒரு குடும்பத்தின் கதை முழுவதையும் வாங்கிவிடுவாள். சிலர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் கொடுப்பார்கள். சிலர் கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு விலகிப் போவார்கள்.

அப்பாவுக்கு உயிர் போகும். “முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்ட என்ன கேள்வி அது? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?” என்பார்.

“என்ன நெனப்பாங்க? ஒரு பொம்பள ஊரு கேட்டான்னு நெனப்பாங்க.”

அவள் நிற்க மாட்டாள் என்று தெரிந்ததும் அப்பா வேகமாக முன்னால் நடந்து போய், ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே நின்றுகொள்வார். எங்களோடு வந்தவர் இல்லை என்பதுபோல அந்தப் பக்கமே முகத்தை வைத்திருப்பார். அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் அவரும் ஒட்டகச்சிவிங்கியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா காலையிலேயே சமையலை முடித்து, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் தமிழ் கேசட் கிடைக்கவில்லை, அதற்கு முந்தின வாரமும் இல்லை. இந்த வாரம் ராஜண்ணா சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார். அட்டையில் கதாநாயகியின் படம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. போட்டால், திரையில் கோடு கோடாக ஓடி, பிறகு சாம்பல் பூசின மாதிரி முகத்தோடு ஒரு மனிதன் வாயைப் பிளந்துகொண்டு வருகிறான். ஒரு கேசட்டின் மேலேயே இன்னொரு படத்தைப் பதிவு செய்து, பழைய அட்டையை மாற்றாமல் விட்டுவிடுவது ராஜண்ணாவின் கடைப் பழக்கம். சரி, இங்கிலீஷ் கேசட்டைப் போடு என்று அதைப் போட்டால், அதிலும் அதே சாம்பல் மூஞ்சிக்காரன். தமிழ் அட்டைக்குள்ளும் அவன், இங்கிலீஷ் அட்டைக்குள்ளும் அவன். ராஜண்ணாவோ கடையைப் பூட்டிக்கொண்டு நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “போச்சாது உடுங்க, நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தலையிலிருந்த பூவை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பின் மேல் வைக்கப் போனாள். “போச்சாது” என்பது அவளுடைய சொல். போனால் போகட்டும், பரவாயில்லை என்று அர்த்தம். பெரிய ஏமாற்றங்களுக்குத்தான் அவள் அதை எடுப்பாள்.

அப்பா அவள் முதுகைப் பார்த்தார். பிறகு எழுந்து டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

“உக்காரு புள்ள. இது தமிழ்ப் படந்தான். சத்தம் மட்டும் வரல, அத நான் போட்டுக்கறேன்.”

அப்பாவுக்கு ஆபீஸ் காகிதத்தில் வரும் இங்கிலீஷ் தெரியும். சினிமாவில் பேசுகிற இங்கிலீஷ் தெரியாது. அதனால் மொழிபெயர்க்கிற கஷ்டமே அவருக்கு இல்லை. கதை அவருடையது, வசனம் அவருடையது. திரையில் தெரிந்த பிரம்மாண்டமான கட்டடத்தை முதலில் விளக்கினார்: அது “கூரை போட்ட சந்தை”, அங்கே துணி முதல் துடைப்பம் வரை எல்லாம் கிடைக்கும், “ஓடற படிக்கட்டு” உண்டு. நாங்கள் யாரும் அப்போது மால் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. செத்தவர்கள் சாரை சாரையாக அந்தச் சந்தைக்கு வருகிறார்கள். உயிரோடிருக்கும் நாலு பேர் உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொள்கிறார்கள். படத்தில் செத்தவர்கள் உறுமத்தான் செய்வார்கள். அப்பா அவர்களைப் பேச வைத்தார்.

டை கட்டின பிணம் ஒன்று கண்ணாடிக் கதவைத் தட்டியது. “ஏனுங்க, போன வாரம் இங்கதானுங்க கொடைய வெச்சுட்டுப் போனேன், யாராச்சும் எடுத்து வெச்சீங்களா?” என்றது, அப்பாவின் குரலில். இரவு உடையில் ஒரு பெரிய அம்மாள் ஆடி ஆடி வந்தாள்: “தண்ணியில போட்டதும் சுருங்கிப் போச்சுங்க. வேற மாத்திக் குடுக்காம நான் போவ மாட்டேன்.” ஓடுகிற படிக்கட்டில் ஒருவன் விழுந்து எழுந்து தத்தளித்தான்: “எறங்கறேன் எறங்கறேன்னு பாக்கறேன், மறுக்கா மேலயே கொண்டு போயி உடுதே சாமி!”

பூவைக் கையில் வைத்தபடியே அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் தெரு மூலை வீட்டில் ஒரு பேங்க்காரர் இருந்தார். யார் வீட்டில் எது வந்தாலும் மறுவாரம் அவர் வீட்டிலும் அது வந்துவிடும். ஷோகேஸ் வந்தால் ஷோகேஸ், சோபா வந்தால் சோபா. அந்தச் சோபாவின் பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவரைப்போலவே வழுக்கையும் தொப்பையுமாக ஒரு பிணம் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. அப்பா அவருடைய மூக்குக் குரலிலேயே, “பக்கத்து ஊட்டுல வாங்கிட்டாங்களாமா… என்னமோ ஒண்ணு… பேரு மறந்து போச்சுங்க. அதே ஒண்ணு எனக்கும் குடுங்க. அதவுடக் கொஞ்சம் பெருசாக் குடுங்க” என்றார்.

அம்மா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. “ஐயோ, இதுக நம்ம லேஅவுட்டுக்காரங்களே தானுங்களே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தார்.

செத்தவர்கள் ஆளைக் கடிக்கிற இடங்கள் வந்தபோது அப்பா பட்டனை அழுத்தி வேகமாக ஓட்டிவிட்டார். “சாப்பாட்டு நேரம். அடுத்தவங்க சாப்புடறத எட்டிப் பாக்கறது மரியாத இல்ல” என்றார். நானும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

படத்தின் நடுவில் ஓர் இடம் வந்தது. உள்ளே அடைந்துகொண்ட நாலு பேருக்கும் அந்தச் சந்தையே சொந்தமாகிவிட்டது. வேண்டிய துணி, வேண்டிய சாப்பாடு, கையில் கடிகாரம், விளையாடச் சீட்டுக்கட்டு. நாலு பேரில் ஒருத்தி பெண். எல்லாப் பொருளுக்கும் நடுவில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். உதடு ஏதோ அசைந்தது. சத்தம் இல்லை.

அம்மாவின் சிரிப்பு நின்றது. “எல்லாந்தான் இருக்குதே, அந்தப் புள்ளைக்கு என்னங்க கொறை?” என்றாள்.

அப்பாவுக்கு வசனம் வரவில்லை. அந்தப் பெண் திரையில் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவே சொன்னாள்: “பேச ஆளில்லைங்க அவளுக்கு. வெளிய இருக்கறதுகளாச்சும் கூட்டமா வருதுக, கூட்டமா போவுதுக. உள்ள இருக்கறவளுக்குத்தான் யாருமில்ல.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருவரைப் பார்ப்பதுபோல. அதற்குள் அந்தப் பெண் எழுந்து போய்க் கண்ணாடிக்கு எதிரே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செத்தவன் ஒருவன் உட்கார்ந்து அவளையே பார்த்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் குரலில், மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங்க… எந்தூருங்க?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமல் அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு, “போலாமா? பஸ்ஸெல்லாம் வந்திருக்கும்” என்றார். மிருகக்காட்சிசாலைக்குப் போனதும் அவர் வழக்கம்போல ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே போய் நின்றுகொண்டார் என்பது வேறு விஷயம். ஊர் கேட்கும் தைரியம் அவருக்கு அந்த டி.வி.க்கு முன்னால் மட்டும்தான், அதுவும் பெண் குரலில்தான் வந்தது.

ராஜண்ணா ஒரே படம் இரண்டு கேசட்டில் எதற்கு என்று ஒன்றை எங்களிடமே விட்டுவிட்டார். டெக் வருகிற ஞாயிறுகளில் அம்மாவே அதைக் கேட்பாள்: “போனவங்கள ஒருக்கா பாத்துட்டு வந்துரலாமுங்க.” யாரோ உறவுக்காரர்களைப் போய்ப் பார்ப்பது மாதிரிதான் சொல்வாள். ஒவ்வொரு முறையும் வசனம் மாறும். தெருவில் புதிதாக யாராவது குடிவந்தால், அவர்களும் அந்தச் செத்த கூட்டத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். மாறாத வசனம் அந்தப் பெண்ணுடையது ஒன்றுதான்.

இதில் எனக்கு நேர்ந்த கதி தனி. கன்னட மீடியத்தில் பி.யு.சி. முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, தமிழையும் இங்கிலீஷையும் பஸ் போர்டிலும் பழைய புத்தகக் கடையிலும் நானாகப் படித்துக்கொண்டவள் நான். ஆபீஸில் ஒருநாள் பேய்ப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நான் பெருமையாக இந்தப் படத்தைச் சொன்னேன்: மறதிக்காரர்கள் சிலர் சந்தைக்கு வருவார்கள், ரொம்பச் சிரிப்பாக இருக்கும், நடுவில் கொஞ்சம் அழுகை வரும் என்று. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு ஒருத்தி வீட்டில் சி.டி. போட்டுக் காட்டினார்கள். பட்டனை அழுத்தி ஓட்ட அப்பா அங்கே இல்லை. முதல் “சாப்பாட்டு நேரம்” வந்தபோது நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்தப் படம் பயமுறுத்துவதற்கு மட்டும் எடுத்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். வாங்கி வாங்கிக் குவிக்கிற ஜனங்களைப் பார்த்துச் செய்த கேலி அது. எதற்கென்று தெரியாமல் கடைக்கு வந்து கதவைத் தட்டுகிற பிணமும், தேவையில்லாமல் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிக்கொண்டு உள்ளே சலித்துக் கிடக்கிற மனிதனும் ஒன்றுதான் என்று காட்டுகிறது என்றார்கள். சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபோதெல்லாம் பாலிதீன் உறை போட்ட சோபாவில் சறுக்கிய பேங்க்காரரின் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்றால், அப்பா போட்ட அந்த மூக்குக் குரலைக் கேட்டவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்.

இப்போது இரண்டு பேர். அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள்தான். கடைசியாக ஆஸ்பத்திரியில் அவள் பேசியது பக்கத்துக் கட்டில்காரியிடம். சாம்ராஜ்நகர்க்காரி, தமிழ் தெரியாது, இருந்தாலும் அம்மா ஊர் கேட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் போன் செய்கிறேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். என் பையன் தாத்தாவோடு கன்னடத்தில் பேசுவான், அதுவும் இங்கிலீஷில் போய் முடியும். இந்த நிலையில்தான் எதிர் வீட்டு மாமியின் மருமகள் என்னைப் போனில் கூப்பிட்டாள். உங்கள் அப்பா தினமும் காலை டிபன் முடிந்ததும் பஸ் ஏறி மாலுக்குப் போகிறார், பொழுது சாயத்தான் வருகிறார், எதுவும் வாங்குவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், வயசான காலத்தில் ஞாபகம் ஏதாவது… என்று இழுத்தாள்.

நான் மறுநாளே வந்தேன். வீடு பூட்டியிருந்தது. தெருவில் காலி சைட் ஒன்றுகூட இல்லை. உண்ணிச்செடி இருந்த இடத்திலெல்லாம் கேட்டும் காரும். ராஜண்ணாவின் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். நேராக மாலுக்குப் போனேன். ஓடுகிற படிக்கட்டில் ஏறும்போதே மேலே அப்பாவைப் பார்த்துவிட்டேன். அகலமான அந்தக் கூடத்தில், கையில் துணிப்பையோடு, காலைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு கடையின் முன்னால் நின்று, அங்கிருந்து நகர்ந்து இன்னொரு கடையின் முன்னால் நின்று… அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சிரித்துச் சிரித்துப் பார்த்த நடை. படிக்கட்டு என்னை மேலே கொண்டுபோய் விட்ட பிறகும் கூப்பிடாமல் அவர் பின்னாலேயே நடந்தேன்.

அவர் ஒரு மேஜையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்ததும் அதிசயப்படவில்லை. உதட்டில் விரலை வைத்து, “கேளு” என்றார். அடுத்த மேஜையில் ஒரு குடும்பம். அரண்மனை பார்த்துவிட்டு வந்த களைப்பு, கழுத்தில் தொப்பி தொங்கும் பிள்ளைகள், ஆளுக்கொரு தட்டு. அவர்களில் ஒரு வயதான அம்மாள், கீழே சிந்தின குழம்பைப் பார்த்து மருமகளிடம், “போச்சாது உடு, தொடச்சுக்கலாம்” என்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “கேட்டியா? அப்பிடியே உங்கம்மா. சனி, ஞாயிறு, லீவு நாள்னா இங்க நெறையா வருவாங்க சாமி. திருப்பூரு, ஈரோடு, அந்தப் பக்கத்து ஆளுங்க. பேசறதக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். ஊட்டுக்குப் போனா ராத்திரிக்குத் தூக்கம் வருது.”

ஞாபகமறதி இல்லை. ஞாபகம்தான் அவரைப் பஸ் ஏற்றிக்கொண்டிருந்தது.

“அப்புறம் ஏன்ப்பா அவங்ககிட்டப் பேசறதில்ல?”

“நானா? நல்லாக் கேட்ட போ. அது உங்கம்மா வேலை.”

நான் பெங்களூர்ப் பேச்சை எடுத்தேன். தனி அறை, டி.வி., பக்கத்திலேயே டாக்டர், லிஃப்ட். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “எல்லாம் இருக்கும் சாமி, எனக்குத் தெரியாதா? காலைல நீயும் மாப்பிள்ளையும் பையனும் போனீங்கன்னா, கதவச் சாத்திக்கிட்டு நான் உள்ள உக்காந்திருக்கோணும்” என்றார். அந்தப் பெண் திரையில் உதட்டை அசைத்தது என் கண்முன் வந்தது. வீட்டில் அந்தக் கேசட் இன்னும் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பூசணம் பிடித்துவிட்டது, அதைப் போட்டுப் பார்க்க டெக்கும் எங்கும் இல்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, சிரிக்க முயன்று, “தெருவுல உங்களப் பாத்து என்ன சொல்றாங்க தெரியுமாப்பா? போனவங்க படத்துல வர்றவங்க மாதிரி நீங்களும் பசிச்சுக் கடைக்கடையா அலையறீங்களாம்” என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை, நினைத்தது நான்தான்.

அப்பா சிரித்தார். பிறகுதான் அதைச் சொன்னார், பசியில்லை என்று, காலு தானா வந்துருது என்று, வந்த பிறகு என்ன பண்ணுவதென்றுதான் தெரியவில்லை என்று.

அடுத்த மேஜையில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டினார்கள். அந்த வயதான அம்மாள் மீந்த சப்பாத்தியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அப்பா அவர்களைப் பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துணிப்பையை என் மடியில் வைத்துவிட்டு, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து அவர்களிடம் போனார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. அவர்கள் கவனிக்காமல் இரண்டடி நகர்ந்துவிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே இன்னும் கொஞ்சம் நடந்து, தன் சொந்தக் குரலிலேயே கேட்டார்:

“ஏனுங்க, எந்தூருங்க?”